காந்தி பாபு சொல்லிக் கொடுக்காத கணக்கு

சதுரங்க வேட்டை வசனம் ஒன்றாவது தெரியாத கல்லூரி மாணவர் தமிழ்நாட்டில் உண்டா? சந்தேகம்தான். 2014 ஜூலையில் வந்த படம். எச்.வினோத்துக்கு முதல் படம், நட்டி நடராஜுக்கு மறக்க முடியாத படம். மண்ணுளிப் பாம்பு, எம்.எல்.எம்., ரைஸ் புல்லிங் கலசம் என்று ஒவ்வொரு மோசடியையும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிக் காட்டியது. "விழிப்புணர்வுப் படம்", "இனிமே எவனும் ஏமாற மாட்டான்" என்றெல்லாம் புகழ்ந்தார்கள்.

சரி, அப்புறம் என்ன ஆச்சு?

பூந்தமல்லியில் பஸ் ஏறி சென்ட்ரலுக்குப் போகிறவர்களுக்கு அமைந்தகரை தெரியாமல் இருக்காது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள அந்த அமைந்தகரையைத் தலைமையிடமாகக் கொண்டுதான் ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் இயங்கியது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொன்னார்கள். வருஷத்துக்கு இல்லை, மாதத்துக்கு! 2020 செப்டம்பர் முதல் 2022 மே வரை 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசார் சொல்கிறார்கள். ஹிஜாவு, எல்.என்.எஸ். ஐ.எஃப்.எஸ். விவகாரங்களும் அதே 2022ல்தான் வெடித்தன. அவையும் ஆயிரம் கோடிக் கணக்குதான்.

ஆக, படம் வந்து எட்டு வருஷம் கழித்து, அந்தப் படத்தை டிவியில் பத்துத் தடவை பார்த்த அதே தமிழ்நாட்டில் இவ்வளவும் நடந்திருக்கிறது. அப்படியானால் ரசிகர்கள் படத்திலிருந்து கற்றுக்கொண்டது என்ன?

ஒரே ஒரு பாடம்தான். "பேராசை பெருநஷ்டம்." ஏமாந்தவன் பேராசைக்காரன், அவனுக்கு இது வேணும்!

அந்தப் பாடமே தப்பு என்பதுதான் இங்கே வழக்கு.

காந்தி பாபுவின் தத்துவத்தைப் பாருங்கள். ஏமாற்றுகிறவன் புத்திசாலி. ஏமாறுகிறவனிடம் ஆசை இருக்கிறது, அதனால்தான் மாட்டுகிறான். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் யார் பக்கம் நிற்கிறார்? காந்தி பாபு பக்கம்தான். இளவரசு பாம்பை வாங்கும்போது சிரிப்பு வருகிறதே தவிர, பயம் வருவதில்லை. "அவன் முட்டாள், நான் அப்படி இல்லை" என்கிற நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறார். அந்த நிம்மதிதான் ஆபத்து. தன்னைப் புத்திசாலி என்று நம்புகிறவரை ஏமாற்றுவதைவிடச் சுலபமான வேலை இல்லை.

உண்மையில் பணம் போடுகிறவர் யார்? அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆகி செட்டில்மெண்ட் பணம் வாங்கியவர், மகள் கல்யாணத்துக்கு நகை சேர்க்கிற அம்மா. இப்படிப்பட்டவர்களுக்கு இருப்பது பேராசையா? 2020, 2021ல் வங்கி ஃபிக்சட் டெபாசிட் வட்டி ஆண்டுக்கு 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. கொரோனாவில் வேலை போனவர்கள், சம்பளம் பாதியானவர்கள் எத்தனை பேர்! அந்த நேரத்தில் கையில் இருக்கிற ஒரு லட்சத்தை வைத்து மாதச் செலவை ஓட்ட வழி தேடுவதற்குப் பெயர் பேராசை இல்லை. பயம்.

"அதுக்காக மாசம் 30 பர்சென்ட்டை நம்பலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். ஆத்திர அவசரத்துக்கு மாதம் 5 வட்டிக்கும் 10 வட்டிக்கும் கடன் வாங்கிப் பழகியவர்கள் இவர்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடை செய்ய 2003ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்த மாநிலம் இது. மாதம் 10 சதவீதம் வட்டி கட்டியவருக்கு, மாதம் 25 சதவீதம் கிடைக்கும் என்றால் "அதிகம்தான்" என்று தோன்றுமே தவிர, "நடக்கவே நடக்காது" என்று தோன்றாது. போதாததற்கு ஏஜெண்ட் யார்? கோட் சூட் போட்ட காந்தி பாபு இல்லை. எதிர்வீட்டுக்காரர், கூட வேலை பார்க்கிறவர், சித்தி பையன். அவருக்கு மூன்று மாதமாக வட்டி வந்ததைக் கண்ணால் பார்த்தாயிற்று. கண்ணால் பார்த்ததை நம்புகிறவரைப் போய் முட்டாள் என்பதா?

இந்த இடத்தில் சினிமா என்ன செய்திருக்க வேண்டும்? அறிவுரை வேண்டாம். கணக்கு போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

தொழில் எதுவும் இல்லாமல், புதிதாகச் சேருகிறவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு மாதம் 30 சதவீதம் வட்டி கொடுக்க வேண்டுமானால், டெபாசிட் மாதா மாதம் 30 சதவீதம் வளர வேண்டும். ஆளுக்கு ஒரே தொகை என்று வைத்துக்கொண்டு 1,000 பேரோடு ஆரம்பியுங்கள். ஒரு வருஷத்தில் 23,000 பேர் வேண்டும். இரண்டு வருஷத்தில் 5 லட்சத்து 42 ஆயிரம் பேர். மூன்றாம் வருஷ முடிவில் 1 கோடியே 26 லட்சம் பேர்! மொத்த சென்னையையும் சேர்த்தாலும் பத்தாது. ஆக, நடத்துகிறவர் நல்லவரா கெட்டவரா என்பது கேள்வியே இல்லை. மகாத்மாவே நடத்தினாலும் இது இடிந்து விழும். ஒரு நிமிஷக் காட்சி, ஒரு கரும்பலகை போதும். எத்தனை தமிழ்ப் படத்தில் இதைக் காட்டியிருக்கிறார்கள்?

இன்னொரு எண். வங்கியில்லாத நிதி நிறுவனம் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. இது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. இந்த ஒரு எண் ஆவடியிலும் பட்டாபிராமிலும் எல்லாருக்கும் தெரிந்திருந்தால், மாதம் 25 சதவீதம் என்று வாயைத் திறக்கும்போதே ஏஜெண்ட் மாட்டியிருப்பார். காந்தி பாபுவின் வசனம் அத்தனையும் மனப்பாடம், இந்த 12.5 மட்டும் தெரியாது. இதுதான் விழிப்புணர்வா?

அடுத்து துணிவு. அதே எச்.வினோத், அஜித் நடித்தது, 2023 பொங்கலுக்கு வந்தது. ஆருத்ராவில் ரெய்டு நடந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. பணம் போட்டவர்கள் புகார் மனுவோடு அலைந்துகொண்டிருந்த நேரம். படத்தில் வில்லன் யார்? வங்கி! கொள்ளையடிக்க வருகிற ஹீரோ, உண்மையான கொள்ளைக்காரன் வங்கியும் அது விற்ற மியூச்சுவல் ஃபண்டும்தான் என்று தோலுரிக்கிறார். விசில் பறந்தது.

வங்கிகள் யோக்கியம் என்று யாரும் சொல்லவில்லை. மினிமம் பேலன்ஸ் இல்லை என்று ஏழையிடம் அபராதம் பிடித்ததும், டார்கெட்டுக்காக வயசானவர் தலையில் வேண்டாத இன்சூரன்ஸைக் கட்டியதும் ஊரறிந்த கதை. அதைப் படம் கேட்டது சரிதான். ஆனால் வித்தியாசம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா? வங்கி மூழ்கினால் 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரியிலிருந்து. 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியபோது முதலீட்டாளர்கள் பதறினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். இழுத்தடித்தாலும் பணம் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. ஏனென்றால் எந்தப் பத்திரத்தில் எவ்வளவு போட்டார்கள் என்பதற்குக் கணக்கு இருந்தது. ஆருத்ராவில் பணம் போட்டவருக்கு அப்படி எந்தக் காப்பீடும் இல்லை, கணக்கும் இல்லை.

இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "எல்லாரும் திருடன்தான்" என்று முடித்தால் தியேட்டரை விட்டு வெளியே வருகிறவர் என்ன செய்வார்? வங்கியை நம்ப மாட்டார். தெரிந்த மனுஷனை நம்புவார். அந்தத் தெரிந்த மனுஷன்தான் ஏஜெண்ட்!

"சினிமா என்ன டியூஷன் சென்டரா? பொழுதுபோக்குதானே?" என்பது அடுத்த வாதம். தி பிக் ஷார்ட் என்று 2015ல் ஒரு ஹாலிவுட் படம் வந்தது. 2008ல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் சந்தை சரிந்த கதை. புரியாத சங்கதி வரும்போதெல்லாம் படத்தை நிறுத்தி, ஒரு பிரபலத்தை நேரே கேமராவைப் பார்த்துப் பேச வைத்தார்கள். விற்காமல் போன பழைய மீனை வெட்டி சூப்பில் போட்டுப் புது ஐட்டமாக விற்பதுபோலத்தான் வாராக் கடனைப் புதுப் பத்திரமாக்கி விற்றார்கள் என்று சமையல்காரர் ஆந்தனி போர்டெய்ன் விளக்கினார். படம் போரடிக்கவில்லை, ஆஸ்கரும் வாங்கியது. மீன்குழம்பு தெரியாத ஊரா இது? சீட்டுக் கம்பெனியை இப்படி விளக்க ஒரு தமிழ் இயக்குநருக்கு முடியாதா என்ன!

இதில் பெரிய பாவம் வேறு ஒன்று. பேராசைக்காரன் என்ற பட்டத்துக்குப் பயந்து, ஏமாந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. மனைவியிடம் சொல்வதில்லை, போலீசுக்குப் போவதில்லை. 1990களில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்த பிறகு, 1997ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துத் தர அதில் வழி இருக்கிறது. ஆனால் புகாரே கொடுக்காதவர் பெயர் எந்தப் பட்டியலில் ஏறும்? ஊர் சிரிக்கும் என்று ஒருவர் மறைக்கிற ஒவ்வொரு நாளும், ஏமாற்றியவனுக்குச் சொத்தைக் கைமாற்ற இன்னொரு நாள். அந்தச் சிரிப்பைத் தியேட்டரில் பழக்கிவிட்டது யார்?

ஆருத்ரா மூடியாகிவிட்டது. நாளைக்கு வேறு பெயரில், வேறு தெருவில், வேறு ஒரு சித்தி பையன் வருவான். அவனிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. ரிசர்வ் வங்கி அனுமதி எங்கே? 12.5க்கு மேல் எப்படித் தருகிறாய்? வினோத்தோ வேறு யாரோ அடுத்த படத்தில் ஹீரோவை இந்த இரண்டு கேள்வியைக் கேட்க வைக்கட்டும், அதற்கு விசில் அடிக்கலாம். அதுவரைக்கும் ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பதையாவது நிறுத்தலாமே?