இல்லாத வீட்டின் அளவு

சென்ற மாதம் பாண்டிருப்புக் கடற்கரையிலே முதியவர் ஒருவரையும் அவருடைய துணைவியாரையும் சந்திக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோன தம் வீட்டைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டும் எண்ணத்துடன், பெரியவர் ஒரு குச்சியால் மணலிலே கோடு கிழித்துக்கொண்டிருந்தார். விறாந்தை, நடு அறை என்று வரைந்துகொண்டு வந்தவர் அடுக்களை வாசலில் வந்து தயங்கி நின்றுவிட்டார். அது கிணற்றைப் பார்த்திருந்தது என்பது அவர் கட்சி. கடலைப் பார்த்திருந்தது என்பது அம்மையார் கட்சி. நாற்பது ஆண்டுகள் இருவரும் புழங்கிய வாசல்! வழக்கைத் தீர்க்க ஒரு புகைப்படமும் மிஞ்சவில்லை.

கட்டடங்களை லேசர் ஒளியினால் அளக்கும் முறை அப்போது எம் நினைவுக்கு வந்தது. நேயர்களிற் பலர் இதனைக் கேள்வியுற்றிருக்கலாம். முக்காலியில் ஏற்றிய ஒரு சிறு பெட்டி. அதனுள்ளே கண்ணாடி ஒன்று சுழலச் சுழல, ஒளி எத்திசையும் பாய்கிறது. சுவரிற் பட்டுத் திரும்ப அது எடுக்கும் நேரமே தூரத்தைச் சொல்லிவிடும். பத்து மீற்றருக்கு அப்பாலுள்ள சுவருக்குப் போய்வர, ஒரு செக்கனை ஒன்றரைக் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரமே செல்லும். இவ்வாறு செக்கனுக்கு இலட்சக்கணக்கான புள்ளிகள் குறிக்கப்படுகின்றன. தூணுக்குப் பின்னால் இருப்பது கருவிக்குத் தெரியாதாகையால், அதனை இடம் மாற்றி மாற்றி வைத்து அளந்து, யாவற்றையும் கணினியில் இணைக்கிறார்கள். சில மில்லிமீற்றர் பிசகுக்குள் முழுக் கட்டடமும் புள்ளித் திரளாக எழுந்து நிற்கும். நிலைக்கண்ணாடி மட்டும் இக்கருவியை ஏமாற்றிவிடும். அதற்குள்ளே இல்லாத ஓர் அறையை இருப்பதாகக் காட்டும்.

புள்ளிகளின்மீது சுவரும் கதவும் வரைந்து மாதிரியுரு ஆக்குவதற்குப் பெரும்பாலும் மனிதனே அமர வேண்டும். ஆபத்தும் இங்கேதான். பழைய வீட்டிலே எந்த மூலைதான் சரியாகத் தொண்ணூறு பாகையில் இருக்கிறது? வரைபவரோ கை பழகியபடி நிமிர்த்திவிடுவார். சாய்ந்த சுவரைச் சாய்ந்தபடியே விடுவதுதான் அதனை எழுப்பிய மேசனுக்கும் நாம் செய்யும் மரியாதை என்பது எம் கருத்து.

பரிஸ் நகரத்து நோத்ர தாம் தேவாலயத்தை அன்ட்ரூ டலன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 2010 இல் இவ்வாறு அளந்தார். நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள்! 2018 இல் அவர் காலமானார். மறு ஆண்டு ஏப்ரல் 15 ஆம் திகதி அதன் கூரை தீக்கிரையாயிற்று. மீண்டும் எழுப்பி 2024 டிசெம்பரில் கதவு திறந்தவர்களுக்கு அவர் விட்டுச்சென்ற அளவுகள் கைகொடுத்தன. ஆயினும், கூரையின் மரச்சட்டங்களை 2014 அளவில் நேரிலே ஏறி ஒவ்வொன்றாக அளந்து வரைந்து வைத்திருந்த இரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரின் ஏடுகளும் அதற்குக் குறையாத உதவி புரிந்தன. கருவி வந்தது என்று அளவுநாடாவை எறிந்துவிட வேண்டியதில்லை.

அயலிலே, குஜராத்தின் பாட்டன் நகரிலுள்ள ராணி கி வாவ் என்னும் படிக்கிணற்றை 2011 இல் ஸ்கொத்லாந்துக் குழுவினர் லேசரால் அளந்தனர். ஆற்று வெள்ளம் கொணர்ந்த மண்ணில் நெடுங்காலம் புதையுண்டு கிடந்த கட்டடம் அது.

புகழ் பெற்றவற்றுக்கு அளப்பார் வருவர். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவிலையும் தீமிதிப்புக் காலத்திலே எத்தனையோ பேர் படம் பிடிக்கின்றனர். விறாந்தையும் அடுக்களையுமாக நிற்கும் வீட்டுக்கு யார் வருவர்? கடல்கோளில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்த அம்பாறை மாவட்டத்தில், எத்தனை வீடுகளின் உருவம் அவற்றில் வாழ்ந்தோரோடே போயிற்று!

2020 முதல் விலை கூடிய சில கைத்தொலைபேசிகளிலும் இந்த லேசர் அளவி சிறு வடிவில் வருகிறது. ஐந்து மீற்றர் அளவே எட்டும். மில்லிமீற்றர்த் துல்லியமும் இராது. ஆனால் ஓர் அறைக்கு அது போதும். அதுவும் இல்லையெனில் அளவுநாடாவும் ஒரு கொப்பியும் உண்டு.

பெரியவரின் பேத்தி, அவர்கள் இப்போது குடியிருக்கும் வீட்டை அளக்கத் தொடங்கியிருப்பதாகச் சென்ற வாரம் அறிந்தோம். அடுக்களை வாசலைத்தான் முதலில் அளந்தாளாம்.