மரக்குதிரையில் ஏறிய பெரியவர்கள்

"நாப்பது வயசாச்சு, தலையில எலிக்காது மாட்டிக்கிட்டு நிக்குதே, வெக்கமா இல்ல?" டிஸ்னிலாண்டுக்குப் போகிற அமெரிக்கப் பெரியவர்களைப் பார்த்துக் கேட்கப்படுகிற கேள்வி இது. அவர்களுக்கு அங்கே ஒரு பட்டப்பெயரே உண்டு: 'டிஸ்னி அடல்ட்'. பிள்ளைகுட்டியோடு போகிறவர்களை இப்படிச் சொல்வதில்லை. தனக்காகவே போகிறவர்கள், வருஷத்துக்கு நாலு தடவை போகிறவர்கள், அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொள்கிறவர்கள், பழைய சவாரி ஒன்றை மூடினால் கண்ணீர் விடுகிறவர்கள், இவர்களுக்குத்தான் அந்தப் பெயர். பிள்ளையில்லாதவர்களை உள்ளேயே விடக்கூடாது என்று ஒரு தாய் எழுதப்போக, 2019ல் அந்த நாட்டில் அது பெரிய சண்டையானது.

தோழர்கள் கேட்கலாம்: "நமக்கு ஆயிரம் பிரச்சினை கெடக்கு, இதுக்கு எதுக்குய்யா நாலு பக்கம்?" சந்தோஷப்படுவதற்கு யாருக்கு உரிமை, எந்த வயதுவரை, எந்த உடம்புக்கு என்பதும் அதிகாரம் பற்றிய கேள்விதான். அதனால்தான் எழுதுகிறேன்.

இதில் மூன்று கருத்துகள் மோதுகின்றன. முதலாவது ஏளனம்: வளராத ஜென்மங்கள், பிள்ளைகளுக்கான இடத்தைப் பெரியவர்கள் அபகரித்துக்கொண்டார்கள். இரண்டாவது நம் இடதுசாரி நண்பர்கள் சொல்வது: முதலாளித்துவம் ஊட்டுகிற அபினி இது, ஏமாளிகள் காசு கொடுத்து வாங்கித் தின்கிறார்கள். மூன்றாவது அந்த ரசிகர்களே சொல்வது: என் காசு, என் லீவு, என் சந்தோஷம், உனக்கென்ன?

முதல் கருத்து வரலாற்றிலேயே நிற்காது. வால்ட் டிஸ்னி தன் மகள்களை லாஸ் ஏஞ்சல்சில் இருந்த கிரிஃபித் பூங்காவின் ராட்டினத்துக்குக் கூட்டிப்போவார். பிள்ளைகள் சுற்றுவார்கள், அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றவனும் பிள்ளையும் சேர்ந்து அனுபவிக்கிற இடம் ஏன் இல்லை என்று அங்கேதான் யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த யோசனைதான் 1955 ஜூலை 17ல் டிஸ்னிலாண்டாகத் திறந்தது. பெரியவர்கள் அங்கே வழிதவறி நுழைந்தவர்கள் அல்ல. பெஞ்சில் உட்கார்ந்து சலித்துப்போன பெரியவனுக்காகவும் கட்டிய இடம் அது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐம்பது வயது ஆண் தன் கால்பந்து அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, தோற்றால் அழுதால் அவனுக்கு 'தீவிர ரசிகன்' என்று மரியாதை. முப்பது வயதுப் பெண் எலிக்காது மாட்டினால் 'கிறுக்கு'. பிள்ளை பெறாத பெண் கையில் காசையும் முகத்தில் சிரிப்பையும் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பதை எந்தச் சமூகம் பொறுத்துக்கொண்டது?

இரண்டாவது கருத்தை அவ்வளவு லேசில் தள்ள முடியாது. 1971ல் சிலியில் ஏரியல் டோர்ஃப்மனும் அர்மான் மத்தலாரும் டொனால்ட் டக் படக்கதைகளைப் பிரித்து மேய்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். அந்தக் கதைகளில் தாய் தகப்பன் கிடையாது, மாமன் மருமகன்தான். தூரதேசத்துப் பழங்குடி எப்போதும் விவரமறியாத பிள்ளை, பொன்னைக் கொடுத்துவிட்டு அற்பப் பொருளை வாங்கிக்கொள்வான் என்று காட்டினார்கள். 1973ல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது அந்தப் புத்தகம் எரிக்கப்பட்டது. வாத்துப் பொம்மை அரசியல் இல்லையென்றால் புத்தகத்தை ஏன் எரிக்கிறான்? 1981ல் போத்ரியார் எழுதினார்: டிஸ்னிலாண்டைப் 'பொய்' என்று காட்டுவதே, வெளியே இருக்கிற அமெரிக்காவை 'மெய்' என்று நம்பவைக்கத்தான். 1992ல் பாரிசுக்குப் பக்கத்தில் டிஸ்னி பூங்கா திறந்தபோது, அரியான் முனூஷ்கின் என்ற நாடக இயக்குநர் அதைச் செர்னோபில் அணுஉலை விபத்தோடு ஒப்பிட்டார்.

இவர்கள் கம்பெனியைப் பற்றிச் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் எனக்கு ஒரு நெருடல். மாயையைப் பார்த்து 'சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று சொல்ல முதலில் கேட்டுக்குள்ளே விட்டிருக்க வேண்டாமா? உள்ளே போய்ச் சலித்தவன் பேசுகிற தத்துவம் அது. கேட்டிலேயே நிறுத்தப்பட்டவன் என்ன செய்தான்? அதை இந்த மேதைகள் அதிகம் பேசவில்லை.

நாம் பேசுவோம்.

சிகாகோவில் ரிவர்வியூ என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. அதில் 'ஆப்பிரிக்கன் டிப்' என்று ஒரு விளையாட்டு. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பலகை, பலகைமேல் ஒரு கறுப்பர். காசு கொடுத்தவன் பந்தை எறிந்து இலக்கில் அடித்தால் பலகை கவிழும், அவர் தண்ணீரில் விழுவார். கூட்டம் சிரிக்கும். மேலே உட்கார்ந்திருப்பவரோ எறிகிறவனின் தொப்பையை, மூஞ்சியை, பக்கத்தில் நிற்கிற காதலியைக் கிண்டலடித்துக்கொண்டே இருப்பார். கூலிக்கு விழுகிறவனுக்கும் வாய் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பி 1950களில்தான் அதை மூடினார்கள். அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காவில் கறுப்புடல் நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று: சந்தோஷப்படுகிறவனாக அல்ல, சந்தோஷத்துக்கான பொருளாக.

1963ல் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் 'ஃபன்டவுன்' என்ற பூங்கா வருகிறது. டெலிவிஷன் விளம்பரம் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்கிற ஆறு வயது மகளிடம், கறுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை என்று தகப்பன் எப்படிச் சொல்வது? 'பொறுங்கள், பொறுங்கள்' என்று புத்தி சொன்ன வெள்ளை மதகுருமாருக்கு அவர் கொடுத்த பதிலில் கொலையும் இருக்கிறது, போலீஸ் அடியும் இருக்கிறது, அந்தப் பூங்காவும் இருக்கிறது. அது 'சில்லறை விஷயம்' என்று அவர் நினைக்கவில்லை.

அதற்கும் மூன்று வருஷம் முன்னால், 1960 ஜூன் 30. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் மேரிலாண்டில் கிளென் எக்கோ பூங்கா. ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக் கறுப்பு மாணவர்கள் கையில் டிக்கெட்டோடு ராட்டினத்து மரக்குதிரைகளில் ஏறி உட்கார்ந்தார்கள். காவலாளி வந்து, 'நீ எந்த இனம்?' என்று கேட்டான். 'மனித இனம்' என்று பதில் வந்தது. ஐந்து பேரைக் கைதுசெய்தார்கள். அந்தக் கோடை முழுக்கப் பூங்கா வாசலில் மறியல் நடந்தது. அக்கம்பக்கத்து வெள்ளையர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். 1961ல் கேட் எல்லாருக்கும் திறந்தது. காவலாளி தனியார் ஆளாக இருந்தாலும் அவன் நெஞ்சில் குத்தியிருந்தது அரசாங்க பேட்ஜ், ஆகவே ஒதுக்கியது அரசாங்கமே என்று 1964ல் உச்சநீதிமன்றம் அந்தத் தண்டனைகளை ரத்துசெய்தது.

பால்டிமோரில் க்வின் ஓக் பூங்காவில் பல வருஷப் போராட்டம். 1963 ஜூலையில் பாதிரிமார்கள், யூத குருமார்கள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களைக் கைதுசெய்தார்கள். அந்த ஆகஸ்ட் 28ல் கேட் திறந்தது. வாஷிங்டன் பேரணியில் கிங் தன் கனவைப் பேசிய அதே நாள். ஒரு வயதுகூட ஆகாத கறுப்புக் குழந்தை தகப்பன் பிடித்துக்கொள்ள அந்த ராட்டினத்தில் சுற்றியது.

சட்டம் வந்தபிறகும் தந்திரம் ஓயவில்லை. 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகு அர்க்கன்சாஸ் மாநிலத்து லேக் நிக்சன் என்ற பொழுதுபோக்கு இடம் தன்னைத் 'தனியார் கிளப்' என்று அறிவித்துக்கொண்டது. உறுப்பினர் கட்டணம் வெறும் 25 சென்ட். வெள்ளைத் தோல் இருந்தால் கேட்டிலேயே உறுப்பினர் அட்டை. கறுப்பர் வந்தால் 'இடமில்லை'. பேங்கில் தினமும் விண்ணப்பப் படிவங்களைப் புரட்டுகிற எனக்கு அந்த 25 சென்ட் ரொம்பப் பழகிய முகம். விதி எல்லாருக்கும் ஒன்றுதான், படிவமும் ஒன்றுதான். நிராகரிப்பு மட்டும் சிலருக்கு. 1969ல் உச்சநீதிமன்றம் அந்த வேஷத்தைக் கலைத்தது.

கிளென் எக்கோவில் குதிரையேறியவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை, கல்லூரி மாணவர்கள். 'இந்த வயசுல ராட்டினமா?' என்று அவர்களைக் கேட்டிருக்க முடியுமா? ஏறவேண்டிய வயதில் ஏறவிடாதவன் ஏறமுடிந்த வயதில் ஏறுகிறான். பிள்ளைப்பருவம் என்பதே எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைக்கப்பட்ட சொத்தா என்ன? சிலருக்கு அது பதினெட்டு வயதுவரை நீளும். சிலருக்கு ஏழு வயதில் யாரோ கையில் ஒரு வேலையைத் திணித்ததோடு முடிந்துவிடும். ஆகவே 'வளரவில்லை' என்று ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால், அவர் பிள்ளையாக இருக்க விடப்பட்டாரா என்று கேட்கவேண்டும்.

கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரெடுத்து 1972ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். அந்த மரபில் வந்த நாம் அமெரிக்கக் கறுப்பர்களின் பஸ் போராட்டத்தை எடுத்துக்கொண்டோம், பள்ளிக்கூடப் போராட்டத்தை எடுத்துக்கொண்டோம். ராட்டினப் போராட்டத்தை ஏன் விட்டுவிட்டோம்? எங்க ஊர்த் திருவிழாவில் குடைராட்டினம் ஊர்த் தெருவில்தான் நிற்கும். சேரிப் பிள்ளைகள் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே அது சுற்றுவதை எண்ணுவோம். அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் தீர்மானம் போட்டதில்லை. சோறு, நிலம், படிப்பு, வேலை, மானம் எல்லாம் பட்டியலில் இருக்கிறது. சந்தோஷம் மட்டும் 'அப்புறம் பாத்துக்கலாம்'. 1927ல் அண்ணல் மகாத் குளத்துக்கு ஆட்களைத் திரட்டிப் போனது தாகத்துக்காக மட்டும்தானா?

இப்போது மறுபடி டிஸ்னி. திறந்த 1955லேயே அங்கே 'ஆன்ட் ஜெமைமா' பான்கேக் கடை இருந்தது: தலையில் துணி கட்டிய, எப்போதும் சிரிக்கிற கறுப்புச் சமையற்காரி. வெள்ளைக் கற்பனைக்கு இதமான அந்த உருவத்தில் வந்து நின்று விருந்தினரை வரவேற்க ஒரு கறுப்புப் பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். 1989ல் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்று ஒரு தண்ணீர்ச் சவாரி வந்தது. பண்ணையடிமைகளின் வாரிசுகளைக் கவலையற்ற பாட்டுக்காரர்களாகக் காட்டிய 1946ஆம் வருஷத்துப் படத்திலிருந்து எடுத்த கதை அது. கறுப்பர் அமைப்புகள் அப்போதே எதிர்த்த படம்.

2020ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபின் அந்தச் சவாரியை மாற்று என்று மனு கிளம்பியது. மனுப் போட்டவர்களில் அந்தச் சவாரியில் ஏறி இறங்கி வளர்ந்த ரசிகர்கள் இருந்தார்கள். மாற்றாதே என்று எதிர்மனு போட்டவர்களும் ரசிகர்களே. 2023ல் அதை மூடினார்கள். ஃபுளோரிடாவில் கடைசி நாளை ஒட்டி அந்தத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து ஏலத்துக்கு விட்டவர்களும் உண்டு! 2024ல் அதே இடத்தில், டிஸ்னி படங்களின் முதல் கறுப்பு இளவரசியான தியானாவின் கதையோடு புதிய சவாரி திறந்தது.

இதில் கம்பெனிக்கு லாபக்கணக்கு இல்லாமலா இருக்கும்? இருக்கும். ஆனாலும் 'அதெல்லாம் அபினி' என்று ஒதுங்கியவன் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டான். நேசித்தவர்கள்தான் உள்ளே நின்று சண்டைபோட்டார்கள். விடாமல் வருகிற கூட்டத்தின் கோபத்துக்குத்தான் கம்பெனி பயப்படும், வராதவனின் தத்துவத்துக்கு அல்ல.

இதையெல்லாம் சொன்னதால் மூன்றாவது கருத்துக்காரர்களை நான் சும்மா விட்டுவிடப் போவதில்லை. 'என் காசு, என் சந்தோஷம்' என்கிறார்கள். சரி, காசுக் கணக்கே பார்ப்போம். அது என் பிழைப்பு. 1955ல் நுழைவுக் கட்டணம் ஒரு டாலர், சவாரிக்குத் தனி டிக்கெட். 2024 அக்டோபரில் கூட்டம் அதிகமான நாட்களுக்கு ஒரு நாள் டிக்கெட் 206 டாலர். போலீஸ் தடுத்த கேட்டை இப்போது விலை தடுக்கிறது. உள்ளே போனால் வரிசை. 1999ல் வரிசை நேரத்தைக் குறைக்க இலவசச் சீட்டு கொடுத்தார்கள். 2021ல் அது காசானது. 2024ல் வந்த புதிய சீட்டுக்கு அப்போது டிஸ்னிலாண்டில் ஒரு நாளைக்கு 400 டாலர்வரை; அதை வாங்கினால் பெரிய சவாரிகளில் நீண்ட வரிசையில் நிற்கவேண்டாம். வெயிலில் எல்லாரும் ஒன்றாக நிற்பதுதான் அந்த இடத்தில் மிச்சமிருந்த சமத்துவம். அதையும் விற்றுவிட்டார்கள்.

எலிப்பொம்மைக்குள்ளே வேர்த்துக்கொண்டு நிற்பது யார்? 2018ல் டிஸ்னிலாண்ட் தொழிலாளர்களைப் பற்றி வந்த ஆய்வில், பதில் சொன்னவர்களில் நூற்றுக்கு 11 பேர் முந்தைய இரண்டு வருஷத்தில் வீடில்லாமல் இருந்தவர்கள். 2024 மே மாதம், பொம்மை வேஷக்காரர்களும் ஊர்வலக் கலைஞர்களுமாக ஏறக்குறைய 1,700 பேர் ஓட்டுப்போட்டுச் சங்கம் அமைத்தார்கள். அந்தப் பொம்மையைக் கட்டிப்பிடித்துக் கண்கலங்குகிற பெரியவர்களே, உள்ளே இருக்கிற ஆளின் சம்பளம் உங்கள் சந்தோஷத்தில் சேர்த்தியா இல்லையா?

என் கருத்து இதுதான். பெரியவர்களின் குதூகலத்தைக் கேலிசெய்வது ஆதிக்கத்தின் பழைய பழக்கம். அதை நாம் கடன்வாங்கவேண்டாம். குதூகலம் மட்டும் போதும் என்பது வியாபாரியின் வாக்கு, அதையும் நம்பவேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவே 1960ல் ஒரு மாணவர் கூட்டம் வழி காட்டியிருக்கிறது: டிக்கெட்டோடு போனார்கள், குதிரைமேல் உட்கார்ந்தார்கள், இறங்கு என்றபோது இறங்கவில்லை.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்தில் கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது கடைசியிலாவது 'சந்தோஷம்' என்று ஒரு வரி சேருங்கள். "இதெல்லாம் ஒரு கோரிக்கையா?" என்று யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் எத்தனை வயதுவரை ராட்டினம் சுற்றினார்கள் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.