எகிப்தில் வீடு வாங்கலையோ, வீடு!

செங்கடல் ஓரம் ஹுர்காடாவில் பிளாட், பால்கனியில் நின்றால் கடல், தானே பிளாட் விலையில் பாதிகூட ஆகாது, ரிசர்வ் வங்கியே அனுமதி கொடுத்திருக்கிறது... இப்படி ஒரு விளம்பரம் இங்கே மும்பைத் தமிழ்க் குடும்பங்களிடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. "சார், நீங்க பேங்க்லதானே இருக்கீங்க, வாங்கலாமா?" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். வாங்காதீங்க என்பதுதான் என் பதில்.

முதலில் அந்த ரிசர்வ் வங்கிப் புருடா. ஒரு ஆள் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம், அதில் வீடும் வாங்கலாம். அனுமதி பணம் அனுப்புவதற்குத்தான். அந்த வீட்டுக்கு ரிசர்வ் வங்கி ஜாமீன் நிற்கவில்லை ஐயா! இதற்குக் கடன் கொடுக்க இந்திய வங்கிகளுக்கு அனுமதியும் இல்லை. ஆக, போகப்போவது உங்கள் பி.எஃப்., இல்லாவிட்டால் ஊர் நிலம் விற்ற காசு. 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு 20% டி.சி.எஸ். வேறு. 50 லட்சம் அனுப்பினால் 8 லட்சம் தனியாக எடுத்து வைக்கணும். (கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம். அதுவரை அது உங்கள் பணமில்லை.)

சரி, அங்கே என்ன கிடைக்கும்? தாம்பரத்தில் அரை கிரவுண்டு வாங்க 30 வருஷ வில்லங்கம் பார்க்கிறவர்கள் நாம். எகிப்தில் பெரும்பாலான வீடுகள் பதிவே ஆகாதவை. 'ஷஹ்ர் அகாரி' என்கிற அரசுப் பதிவு அலுவலகத்தில் ஏறினால்தான் உண்மையான உரிமை. 'பச்சை ஒப்பந்தம்' என்பார்கள். அதற்குப் பதிலாகக் கையில் திணிப்பது கோர்ட் முத்திரை போட்ட ஒரு காகிதம். அந்த வழக்கில் கோர்ட் பார்ப்பது விற்றவர் போட்ட கையெழுத்து நிஜமா என்பதை மட்டும்தான். இடம் அவருடையதா என்று விசாரிப்பதில்லை. நம்மூரில் இதை நோட்டரி பத்திரம் என்று சொல்லித் தூக்கி எறிவோம்.

ஷார்ம் எல் ஷேக் என்றால் இன்னும் விசேஷம். அது சினாய் பகுதி. 2012 சட்டப்படி அங்கே வெளிநாட்டவருக்குச் சொந்தமே கிடையாது, குறிப்பிட்ட வருஷங்களுக்கு அனுபவ உரிமை மட்டும்.

வாடகை வருமே என்பார்கள். பவுண்டில் வந்தால்? 2016 நவம்பர் தொடக்கத்தில் ஒரு எகிப்து பவுண்டு சுமார் ஏழரை ரூபாய். (ஏழரை என்று சும்மாவா சொன்னார்கள்!) அந்த மாதமே நாணயத்தை மிதக்க விட்டார்கள். 2024 மார்ச்சில் மறுபடி ஒரு சரிவு. ஒரு பவுண்டு சுமார் 1 ரூபாய் 70 காசு. "துபாயில் நம்மாளுங்க வாங்கலையா?" என்று கேட்பவர்களுக்கு: திர்ஹம் டாலரோடு கட்டிப்போட்ட நாணயம், நிலப்பதிவும் ஒழுங்காக இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது அறியாமை, அல்லது கமிஷன்.

இதையும் சொல்ல மாட்டார்கள்: அந்த வீட்டை வருஷா வருஷம் இங்கே வருமானவரிப் படிவத்தில் காட்டணும். விட்டால் 2015 கறுப்புப்பணச் சட்டப்படி 10 லட்சம் அபராதம் விதிக்கலாம். 20 லட்சத்துக்கு உட்பட்ட வெளிநாட்டுச் சொத்துகளுக்கு 2024-ல் கொடுத்த சலுகை, வீடு மனைக்குப் பொருந்தாது.

விளம்பரம் அனுப்பிய புண்ணியவான் உங்கள் வீட்டுக்கு வந்தால் காபி கொடுங்கள். நிலத்துக்குப் பில்டர் பெயரில் பச்சை ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் காட்டினாலும் பரவாயில்லை :-)