தலவாக்கலைத் தொகுதியைத் திருப்பிக் கேட்கிறோம்

எல்லை நிர்ணய ஆணைக்குழுத் தலைவர் அவர்களுக்கு,



தொகுதி முறையையும் விகிதாசார முறையையும் கலந்து பாராளுமன்றத் தேர்தலை நடத்தலாம் என்ற யோசனை பல ஆண்டுகளாகவே பேசப்பட்டு வருகிறது. அது சட்டமாகும் நாளில் புதிய தொகுதிகளின் எல்லைகளை வகுக்கும் பொறுப்பு உங்கள் ஆணைக்குழுவிடம் வரும். அதற்கு முன், வரைபடத்திலிருந்து அழிக்கப்பட்ட ஒரு மலையகத் தொகுதியின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே தலவாக்கலை தனித் தொகுதி. அரசாங்க சபைக்கு எஸ். பி. வைத்திலிங்கம் இங்கிருந்து சென்றார். பக்கத்து அட்டன் தொகுதியின் பெரி. சுந்தரம் அமைச்சராகவே இருந்தார். நிரந்தரமாக இங்கே வாழ்பவர் என்று காட்டினால்தான் தோட்டத் தொழிலாளியின் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறும் என்ற தடை அப்போதே இருந்தது. அந்தத் தடையைத் தாண்டித்தான் லயத்து மக்கள் வாக்களித்தார்கள்.

1947இல் முதல் பாராளுமன்றத் தேர்தல். தலவாக்கலை மக்கள் தேர்ந்தெடுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், கவிஞர், தொழிற்சங்கவாதி. பிரட்டுக்களத்தையும் கொழுந்து மலையையும் தன் எழுத்தில் பதித்தவர். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்துத் தந்தவர். நுவரெலியாவில் தொண்டமான், கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா என்று இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேட்பாளர்கள் வரிசையாக வென்றார்கள். தோட்டத்தில் பிறந்த ஒருவர் தோட்டத்து மக்களின் வாக்கால் நாட்டின் பாராளுமன்றத்தில் அமர்ந்ததை இன்றைக்கும் நான் பெருமையோடு நினைக்கிறேன்.

அந்த வெற்றி ஆட்சியில் இருந்தவர்களைக் கலங்கடித்தது. காங்கிரஸ் போட்டியிடாத தொகுதிகளிலும் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்திருந்தன. அடுத்த ஆண்டே 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், பிரஜை அல்லாதவரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிய 48ஆம் இலக்கச் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ ஒரு லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டுமே. 1952 தேர்தலின்போது, வேலுப்பிள்ளையைத் தெரிவு செய்த மக்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லை. இதை எதிர்த்துக் காங்கிரஸ் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடத்தியது. அரசு அசையவில்லை.

உங்கள் துறையை நேரடியாகத் தொடும் இடத்துக்கு இப்போது வருகிறேன். வாக்குப் போனது, தொகுதி போகவில்லை. 1946 எல்லை நிர்ணயம் 75,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்று மக்கள் தொகையை வைத்துச் செய்யப்பட்டது. ஆகவே நாடற்றவராக்கப்பட்டவர்களின் தலைகளும் தொகுதியின் அளவுக்குள் இருந்தன. அவர்களால் உருவான ஆசனத்துக்கு, இடாப்பில் எஞ்சியிருந்த சொற்பப் பேர் உறுப்பினரைத் தெரிவு செய்தார்கள். 1959இல் மீண்டும் எல்லை வகுத்தபோதும் வாக்கற்ற தோட்ட மக்கள் மாகாணத்தின் மக்கள் தொகைக் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். மத்திய மலைநாட்டுக்கு அதனால் ஆசனங்கள் கூடின. ஆனால் தலவாக்கலையும் கொட்டகலையும் பட்டியலிலிருந்து காணாமல் போயின. எண்ணுவதற்கு மனிதர்களாகவும் வாக்களிக்க அந்நியர்களாகவும் ஒரு மக்கள் கூட்டத்தை நடத்தியதை எல்லை நிர்ணயத்தின் தொழில்நுட்பம் என்று கடந்து போக என்னால் முடியாது. அது அநீதி. அதற்கு உங்களுக்கு முந்தைய ஆணைக்குழுவின் கையெழுத்தும் உண்டு.

1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களில் பலரை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றியது. அதைப் பற்றி எழுத இந்த மடல் போதாது.

1976இன் எல்லை நிர்ணயம் நுவரெலியா – மஸ்கெலியாவை மூன்று உறுப்பினர் தொகுதியாக்கியது. வாக்காளர் தம் மூன்று வாக்குகளையும் ஒருவருக்கே அளிக்கலாம் என்பதால் சிறுபான்மைக்கு அது ஒரு வாசலைத் திறந்தது என்பதை நன்றியோடு சொல்கிறேன். 1977இல் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருடன் தொண்டமான் வென்றார். 1947க்குப் பிறகு தோட்ட மக்கள் தம் வாக்கால் தம்மவர் ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப 30 ஆண்டுகள் பிடித்தன. இடையில் அவர் இருமுறை நியமன உறுப்பினராகத்தான் அங்கே அமர முடிந்தது.

விகிதாசார முறை வந்தபின் அந்த மூன்று உறுப்பினர் தொகுதி வெறும் வாக்களிப்புப் பிரிவாகிவிட்டது. ஆனால் 1976இல் கிழித்த கோடு அப்படியே கிடக்கிறது. நாட்டின் 160 பிரிவுகளில் ஒன்றான இதில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள் இருக்கிறார்கள். கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை என்று மாவட்டத்தின் மற்ற மூன்று பிரிவுகளையும் கூட்டினாலும் இதன் எண்ணிக்கைக்கு வராது. நாளை இந்தப் பிரிவுகளையே அடிப்படையாகக் கொண்டு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்று வைத்தால், மூன்று லட்சம் பேருக்கு ஒருவரும் மற்ற மூன்று பிரிவுகளுக்கு மூவரும் கிடைப்பார்கள். பிரஜாவுரிமையைப் பறித்து 1952இல் அடைந்த விளைவை, இம்முறை யாருடைய உரிமையையும் பறிக்காமலே அடைந்துவிடலாம்.

தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நுவரெலியா ஆகியவற்றைத் தனித்தனித் தொகுதிகளாக வகுக்க வேண்டுகிறோம். இது இயலாத காரியமல்ல. 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் அம்பகமுவ பிரதேச சபையிலிருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும், நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரபத்தனையும் பிரிந்தன. அந்த எல்லைகள் உங்களுக்கு நல்ல தொடக்கம்.

கோடு கிழிக்கும்போது ஒரு தோட்டத்தின் மேற்பிரிவு ஒரு தொகுதியிலும் கீழ்ப்பிரிவு இன்னொன்றிலும் விழாமல் பாருங்கள். ஒரே தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுப்பவர்கள், ஒரே கோயில் திருவிழாவுக்குக் கூடுகிறவர்கள், ஒரே பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் ஒரே உறுப்பினரைத் தேடிப் போகட்டும். வரைவு எல்லைகளைத் தமிழிலும் வெளியிட்டு, கருத்துக் கேட்கும் அமர்வொன்றைத் தலவாக்கலை நகரில் நடத்துங்கள். அதை வேலை நாளில் வைக்காதீர்கள். மலையில் நிற்பவர்கள் அரைப் பேர் (அரை நாள்) சம்பளத்தை இழந்துதான் வர வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் நாங்கள் வருவோம்.

இப்படிக்கு,
தலவாக்கலை வாக்காளர் ஒருவர்