விடுப்பு எடுக்க இயலாத தாய்மார்கள்

2024ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கவனத்திற்குரிய ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. இமாச்சலப் பிரதேச அரசுக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியர், மரபணுக் கோளாறுடன் பிறந்த தம் மகனைக் கவனிக்கக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு கோரியிருந்தார். மாநில விதிகளில் அதற்கு இடமில்லை என்று கோரிக்கை மறுக்கப்பட்டது. பெண்கள் பணியில் பங்கேற்பதைச் சலுகையாகக் கருதக் கூடாது, அது அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை என்று கூறிய உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பேணும் தாய்மார்களுக்கான விடுப்புக் கொள்கையை மறுபரிசீலனை செய்யத் தலைமைச் செயலாளர் தலைமையில் குழு அமைக்குமாறு அம்மாநில அரசுக்கு ஆணையிட்டது.

இந்த உத்தரவை நாம் வரவேற்கிறோம். ஆனால் விடுப்பு எடுப்பதற்கு முதலில் ஒரு பணியிடம் வேண்டும். மத்திய அரசு ஊழியரான தாய்க்குப் பணிக்காலத்தில் 730 நாட்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. நாற்று நடும், களை பறிக்கும், செங்கல் சூளையில் கல் அறுக்கும், ஒப்பந்தத்தில் தெரு கூட்டும் தாய்க்கு விடுப்பு என்ற சொல்லே கிடையாது. அவருக்கு உள்ளவை வேலைக்குப் போன நாளும் போகாத நாளும்தாம். போகாத நாளில் கூலி இல்லை.

தமிழ்நாட்டின் சேரிகளில் மாற்றுத்திறனாளிகளையும் படுக்கையில் விழுந்த முதியோரையும் பேணும் குடும்பங்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அரசின் உதவித் திட்டங்களோ, பராமரிப்பதற்கு வீட்டில் ஒருவர் எப்போதும் இருப்பார், அவருக்கு ஊதியம் தேவையில்லை என்ற எண்ணத்தின்மீது கட்டப்பட்டுள்ளன. அந்த எண்ணத்திற்கான விலையைக் கூலியாகக் கொடுப்பவர்கள் யார் என்பதைச் சாதியும் பாலினமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு. பட்டியலினத்தவரிடையே இது 2.45 விழுக்காடு. ஆபத்தான வேலை, சத்தற்ற உணவு, காலம் கடந்து கிடைக்கும் மருத்துவம் ஆகியவை உடலில் எழுதும் கணக்கை இந்த வேறுபாட்டிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டு உறுப்பினர்களைப் பராமரிக்கும் பணியில் நாளொன்றுக்குச் சராசரியாக 140 நிமிடங்களைச் செலவிடுகின்றனர். ஆண்களில் 21.4 விழுக்காட்டினர் 74 நிமிடங்களைச் செலவிடுகின்றனர். தானே உண்ணவோ திரும்பிப் படுக்கவோ இயலாத ஒருவர் இருக்கும் வீட்டிற்கு இந்தச் சராசரி பொருந்தாது. அங்கே பராமரிப்பு முழுநேர வேலை.

அந்த வேலைக்கு அரசு என்ன தருகிறது? இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். தமிழ்நாடு அரசு, கடும் பாதிப்புக்குள்ளானோருக்கும் அறிவுசார் குறைபாடுடையோருக்கும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. பிற பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது கூடுதல்தான். ஆனால் 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிற்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலையின் தினக்கூலி 336 ரூபாய். அப்படியானால் மத்திய அரசின் 300 ரூபாய் ஒரு நாள் கூலிக்குக் கீழே. மாநிலத்தின் 2000 ரூபாய் ஆறு நாள் கூலிக்கும் சற்றுக் குறைவு. மாதத்தின் எஞ்சிய இருபத்து நான்கு நாட்களை அந்தத் தாய் எங்கிருந்து கொண்டுவருவார்?

எங்களிடம் சட்ட உதவி கேட்டு வரும் குடும்பங்கள் இக்கேள்விக்குக் கண்டிருக்கும் விடைகள் நெஞ்சை அறுப்பவை. ஒரு வீட்டில் மகனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுத் தாய் வேலைக்குப் போகிறார். மற்றொரு வீட்டில் எட்டாம் வகுப்பிலேயே மூத்த மகளின் படிப்பு நிறுத்தப்படுகிறது. இன்னொரு வீட்டில் சான்றிதழ் வாங்க மாவட்டத் தலைநகருக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போய்வந்த ஆட்டோ வாடகைக்கே கந்துவட்டிக் கடன் வாங்கப்பட்டிருக்கிறது. பெற்றோரின் பாசத்தில் குறை கண்டு இவற்றை விளக்கிவிட முடியாது. பகலில் அந்தப் பிள்ளையை விட்டுச்செல்ல ஓர் இடம் அருகில் இருந்திருந்தால் இம்மூன்றில் இரண்டு நிகழ்ந்திரா.

சட்டம் இக்குடும்பங்களை அறியாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் பிரிவு 2(ஈ), ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிக்கும் பெற்றோரையும் பிற குடும்பத்தினரையும் ‘பராமரிப்பாளர்’ என்றே வரையறுக்கிறது. பிரிவு 24 உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கான பராமரிப்பாளர் படியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அதே பிரிவு, அரசின் பொருளாதார ஆற்றலின் வரம்பிற்குள் என்ற சொற்களோடு தொடங்குகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் உறுப்பிலிருந்து வந்த இச்சொற்கள், கொடுக்க மனமில்லாத அரசுகளுக்குக் கதவாகப் பயன்படுகின்றன. கேரளம் 2010இல் தொடங்கிய ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம் பராமரிப்பாளருக்கே தனியாக ஒரு தொகையைத் தந்து முன்னோடியாக நின்றது. அத்தொகை மாதம் 600 ரூபாய். தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் உதவியாளருக்கென ஒரு சிறு தொகை உண்டு. கொள்கை அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட உழைப்பு, தொகை அளவில் இன்னும் தருமமாகவே நடத்தப்படுகிறது.

சேவைகளிலும் முன்னேற்றம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையையும் நோய்த்தணிப்பு சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. உலக வங்கி உதவியுடனான ‘உரிமைகள்’ திட்டத்தின்கீழ் ‘விழுதுகள்’ ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. இவை சிகிச்சைக்கு உதவும். தாய் வயலில் நிற்கும் எட்டு மணி நேரமும் பிள்ளைக்கு உணவூட்டி, கழிப்பறைக்கு அழைத்துச் சென்று, துணையாக இருப்பது யார் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்த இடத்தில் சாதியைப் பேசாமல் கடந்துசெல்ல முடியாது. பிறர் உடலின் கழிவைத் தொடும் வேலையைச் சாதியச் சமூகம் தீட்டென ஒதுக்கி, அதைத் தலித்துகளின் தலையில் கட்டியது. அதனால்தான் நகரத்து வீடுகளில் முதியோரைக் குளிப்பாட்டவும் மருத்துவமனைகளில் நோயாளிகளைத் துடைத்துவிடவும் குறைந்த கூலிக்குச் செல்வோரில் எங்கள் பெண்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் சொந்த வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால், அவருக்கு அமர்த்திக்கொள்ள ஆளில்லை, கொடுக்கப் பணமுமில்லை. மற்றவர்களுக்கான பராமரிப்பைச் சுமப்பவர்கள் தங்களுக்கான பராமரிப்பை இழக்கிறார்கள். பகல்நேர மையம் ஒன்று திறக்கப்பட்டாலும் அது ஊர்த் தெருவில் இருந்தால், சேரிக் குழந்தையைத் தொட்டுத் தூக்குவார்களா என்ற அச்சம் தாயைத் தடுக்கிறது. மையம் எங்கே அமைகிறது என்பது எங்களுக்கு முதன்மையான கேள்வி.

பராமரிப்புச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்பது புதிய கோரிக்கை அன்று. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறு உதவி மசோதா விவாதத்திற்கு வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்குத் தரப்படும் ஓய்வு தேசத்தின் நலனுக்கானது, ஆகவே அதன் சுமையை ஏற்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்பதே அவர் வாதம். 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டமும் ஒரு முன்மாதிரியைத் தந்தது. பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் அல்லது அதற்கு மேல் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தொழிலாளிப் பெண் ஒருவரை அமர்த்தி, அவருக்கும் அதே கூலியைத் தர வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை கூறியது. குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் மண் வெட்டுவதும் கூலிக்குரிய வேலைகளே என்று சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் அது.

இதன் அடிப்படையில் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். முதலாவது, பராமரிப்பாளர் படி மாற்றுத்திறனாளியின் உதவித்தொகையிலிருந்து வேறாக, குறைந்தபட்சக் கூலியோடு இணைத்துக் கணக்கிடப்பட வேண்டும். இரண்டாவது, பகல்நேரப் பராமரிப்பு மையங்கள் சேரிகளிலேயே அமைக்கப்பட்டு, உள்ளூர்ப் பெண்கள் பயிற்சியும் முறையான ஊதியமும் பெற்று அவற்றை நடத்த வேண்டும். இதற்கான நிதிக்கு 2024ஆம் ஆண்டு பட்டியலினத்தவர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் வழி திறக்கிறது. ஆனால் எல்லாருக்குமான திட்டத்தின் செலவை அந்நிதியில் எழுதிவைக்கும் பழைய தந்திரத்திற்கு இடம் தரலாகாது. மூன்றாவது, ஒவ்வொரு பராமரிப்புத் திட்டத்தின் பயனாளிகள் விவரமும் சாதிவாரியாக வெளியிடப்பட வேண்டும். யாரைச் சென்றடைகிறது என்று தெரியாத திட்டத்தை யாரும் திருத்த முடியாது.

அரசு அசையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 38இன்கீழ், 40 விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்புடையவர் உயர் ஆதரவு கோரி விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் வேறொருவரோ அமைப்போ விண்ணப்பிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. விண்ணப்பத்தை மதிப்பீட்டு வாரியத்திற்கு அனுப்புவது அதிகாரியின் கடமை. என்ன உதவி, நாளில் எத்தனை மணி நேரம், அதனால் வீட்டில் யார் வேலையை இழந்தார், எத்தனை நாள் கூலி போயிற்று என்பவற்றை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். எழுத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடுங்கள். சேரிக்குச் சேரி இத்தகைய விண்ணப்பங்கள் குவியும்போது, வீட்டுக்குள் பூட்டிக் கிடந்த இந்த உழைப்பு அரசின் கோப்புகளில் முதன்முறையாகக் கணக்கில் ஏறும். நீதிமன்றத்தில் வழக்காடுவதற்கும் அந்தக் கணக்கு எங்களுக்கு வேண்டும்.