தொண்டர்கள் வாழ்க! சர்க்கார் எங்கே?

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், க்ளென் எல்லன் என்ற சிற்றூரை அடுத்து ஒரு பூங்கா இருக்கிறது. ஓக் மரங்களும் ரெட்வுட் மரங்களும் நிறைந்த மலைச்சரிவு. சுமார் 1,400 ஏக்கர் நிலம். 1908-ல் வெளியான 'இரும்புக் குதிகால்' என்ற நாவலை எழுதிய ஜாக் லண்டன் வாழ்ந்து, 1916-ல் உயிர்விட்ட பண்ணை அது. இன்று அது மாநில சர்க்காருக்குச் சொந்தமான பொதுச் சொத்து.

ஜாக் லண்டன் யார்? நம் பஞ்சாலைத் தோழர்கள் அவரை அந்நியராக நினைக்க வேண்டியதில்லை. சிறுவயதில் உணவை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் மணிக்கு 10 சென்ட் கூலிக்கு உழைத்தவர். 1893-ல் சணல் ஆலையில் அதே 10 சென்ட்டுக்குத் தினம் 10 மணி நேரம் நின்றவர். 1924 ஜனவரியில், லெனின் மரணப் படுக்கையில் இருந்தபோது, க்ரூப்ஸ்கயா அவருக்குப் படித்துக் காட்டியது ஜாக் லண்டன் கதைகளைத்தான். முதல் கதை லெனினுக்கு மிகவும் பிடித்தது. மறுநாள் படித்தது முதலாளித்துவ நீதிபோதனையாக இருக்கவே, சிரித்துத் தள்ளிவிட்டார். ஜாக் லண்டன் குறையில்லாதவர் என்று நாம் சொல்லவில்லை. கடைசி நாட்களில் அவர் பெரிய பண்ணைக்காரர். 1916-ல் சோஷலிஸ்ட் கட்சியை விட்டும் விலகினார். ஆனாலும் பாட்டாளி வர்க்கத்தில் பிறந்த எழுத்தாளர் அவர்.

பூங்காவுக்கு வருகிறவர்கள் அவர் உட்கார்ந்து எழுதிய வீட்டைப் பார்க்கலாம். கல்லாலும் மரத்தாலும் அவர் கட்டிய 'ஓநாய் மாளிகை' 1913 ஆகஸ்டில், குடிபுகுவதற்கு முன்பே எரிந்துபோனது. அதன் கற்சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அவருடைய சாம்பலை வைத்த இடத்தின்மேல் ஒரு பாறை கிடக்கிறது. மனைவி சார்மியன் கட்டிய வீடு இப்போது பொருட்காட்சிசாலை.

இந்தப் பூங்காவைத்தான் மாநில சர்க்கார் இழுத்து மூடப் பார்த்தது! 2011 மே மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. பட்ஜெட்டில் பற்றாக்குறை, 2 கோடியே 20 லட்சம் டாலர் மிச்சம் பிடிக்க வேண்டும், ஆகவே மாநிலத்தின் 278 பூங்காக்களில் 70 மூடப்படும் என்றது அறிவிப்பு. பட்டியலில் ஜாக் லண்டன் பூங்காவும் இருந்தது.

ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. சந்தா சேர்த்தார்கள், சங்கம் வைத்தார்கள். 20 பூங்காக்கள் வரை லாப நோக்கமில்லாத சங்கங்களிடம் விடலாம் என்று 2011-லேயே சட்டம் வந்தது. அதன்படி 2012 மே மாதம் ஜாக் லண்டன் பூங்கா ஊர்ச் சங்கத்தின் கைக்கு வந்தது. சம்பளத்துக்குச் சில ஆட்கள் உண்டு. அவர்களோடு தொண்டர்கள் கூடிப் பாதை செப்பனிட்டார்கள். வருகிறவர்களுக்கு வழிகாட்டி விளக்கம் சொன்னார்கள். சார்மியனுடைய பியானோவையும் வாசித்துக் காட்டினார்கள். கேட் மூடவில்லை.

இந்தத் தொண்டர்களுக்கு நம் வணக்கம். பொதுச் சொத்தைத் தன் சொத்தாக நினைத்துக் காப்பவனை நாம் ஒருநாளும் குறை சொல்லமாட்டோம்.

ஆனால் சர்க்காரின் கதையைக் கேளுங்கள். 2012 ஜூலையில் குட்டு வெளிப்பட்டது. பூங்காத் துறையின் இரண்டு நிதிகளில் 5 கோடியே 40 லட்சம் டாலர், கணக்கில் காட்டப்படாமல் பல ஆண்டுகளாகக் கிடந்தது! அதில் 2 கோடிக்குச் சற்று அதிகமான தொகை பூங்காக்களுக்கே உரிய பணம். பணமில்லை என்று வெட்டிய தொகைக்கு அது ஏறக்குறைய சமம். துறைத் தலைவர் பதவி விலகினார். மூடாதே என்று உண்டியல் ஏந்திய மக்களின் முகத்தில் யார் விழிப்பது?

"ஊரார் இனாமாகச் செய்ய முன்வந்தால் நல்லதுதானே? இதில் என்ன தவறு?" என்று சிலர் கேட்பார்கள். இதற்கு ஜாக் லண்டனே பதில் சொல்லியிருக்கிறார். 1913-ல் வெளியான 'ஜான் பார்லிகார்ன்' என்ற தம் வாழ்க்கை நூலில், மின்சார நிலையத்தில் கரி அள்ளிய கதையை எழுதுகிறார். மாதம் 30 டாலர் சம்பளம். தொழில் கற்றுத் தருவார்கள் என்ற ஆசையில் உடம்பு முறிய உழைத்தார். பிறகுதான் தெரிந்தது: அந்த வேலையை முன்பு இரண்டு பேர் செய்தார்கள், ஆளுக்கு 40 டாலர் வாங்கினார்கள். இருவரையும் நீக்கிவிட்டு இவர் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டியிருந்தார்கள். நிர்வாகத்துக்கு மாதம் 50 டாலர் மிச்சம். வேலை போன இருவரில் ஒருவன், மனைவி மக்களைத் தவிக்கவிட்டுத் தற்கொலை செய்துகொண்டான்.

நல்ல எண்ணத்தோடு உழைத்தவனின் உழைப்பும் இன்னொருவன் சோற்றைப் பறிக்கும் கருவியாக முடியும் என்பதே இதன் பாடம். உங்கள் இலாகாவில் நாலு பேரைக் கழித்துவிட்டு, "மிச்ச வேலையைச் சேவையாகச் செய்யுங்கள்" என்று மேஸ்திரி சொன்னால் ஒப்புவீர்களா? குற்றம் சேவை செய்கிறவனுடையது அல்ல. சேவையைக் காட்டிச் சம்பளத்தை விழுங்குகிறவனுடையது.

வேறு வழி இல்லையா? அதே அமெரிக்காவில் இருந்தது. 1933 முதல் 1942 வரை, ரூஸ்வெல்ட் சர்க்கார் வேலையில்லா இளைஞர்கள் சுமார் 30 லட்சம் பேரைக் காடு வளர்க்கவும் பூங்கா அமைக்கவும் வேலைக்கு வைத்தது. மாதம் 30 டாலர் கூலி. அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக்கள் பலவற்றில் பாதை போட்டதும் கட்டடம் எழுப்பியதும் அந்த இளைஞர்களே. அது பாட்டாளிகளின் சர்க்கார் அல்ல. முதலாளித்துவத்தைக் காப்பாற்ற வந்த சர்க்கார்தான். பசித்தவர்களின் கோபத்துக்கு அஞ்சி அதைச் செய்தது. மக்கள் நெருக்கினால் பணம் பிறக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே நாம் சொல்வது இதுதான். தொண்டர் வரட்டும், வேலைக்காரன் இடத்தைப் பிடிக்க அல்ல, அவனோடு தோள் சேர. காவல்காரனுக்கும் துப்புரவாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் சர்க்கார் சம்பளம் கொடுக்கட்டும். பொதுப் பணத்தின் கணக்கு பொதுமக்கள் முன்னால் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை குழந்தை குட்டிகளோடு ஒரு மர நிழலில் உட்காருவது உழைப்பாளிக்கு யாரும் போடும் பிச்சை அல்ல, அவன் உரிமை!