தெருநாயைத் தத்தெடுக்க வழி வேண்டும்

தலைநகர் தில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு நாடெங்கும் சர்ச்சையைக் கிளப்பியது. பதினொரே நாள்களில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை மட்டும் விலக்கு என்றது. அதே உத்தரவில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் உண்டு. விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். அது மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது அவர்களது பொறுப்பு.

கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. மும்பை போன்ற இடநெருக்கடி மிகுந்த நகரில் இதற்கு வழி என்ன?

2014 கணக்கெடுப்பின்படி மும்பையில் தெருநாய்கள் சுமார் 95 ஆயிரம். நாய்களைக் கொன்று ஒழிக்கும் வழியை அந்நகரம் என்றோ பார்த்துவிட்டது. வெகுமதி அறிவித்து நாய்களைக் கொல்லச் செய்த ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து 1832-ல் பார்சிகள் கலகமே செய்தனர். அதன் பிறகும் 1990-கள் வரை கொலை தொடர்ந்தது, நாய்கள் குறையவில்லை. கருத்தடைத் திட்டம் வந்தது அதன் பிறகுதான். இத்தனை ஆயிரம் நாய்களுக்கும் வீடு கிடைக்கப்போவதில்லை என்பதால், தத்தெடுப்பு கருத்தடைக்கு மாற்றாகாது. ஆனால் அடிபட்டுக் காப்பகத்துக்கு வந்து குணமான நாய்க்கும், தாயை இழந்த குட்டிக்கும், பூனைக்கும் அது ஒன்றே விமோசனம். கூட்டம் நிறைந்த கூண்டுகளில் பார்வோ போன்ற தொற்று புகுந்தால் குட்டிகள் பிழைப்பது அரிது.

மனமிருந்தும் இடமில்லை என்பதுதான் மும்பைத் தமிழர் பலரின் நிலை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அடுக்குமாடி வீட்டுவசதிச் சங்கங்களின் சம்மதம் வேண்டியிருக்கிறது. வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்கவோ, மின்தூக்கியில் ஏற்ற மறுக்கவோ சங்கங்களுக்கு அதிகாரம் இல்லை என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே அறிவுறுத்தியது. பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் செல்லாது. வாடகைக்குக் குடியிருப்பவர் இதை எடுத்துச்சொல்லி வீட்டு உரிமையாளரிடம் வாதாட முடியுமா என்பது வேறு விஷயம்.

தாராவியின் கதை வேறு. அங்கே நாய் ஒரு வீட்டுக்கு உரியதல்ல; சந்துக்கு உரியது. பத்து வீட்டுச் சோற்றில் வளர்வது. மறுசீரமைப்புத் திட்டத்தில் அந்தக் குடும்பங்கள் மாடிகளுக்குப் பெயரும்போது அதற்குச் சோறிடுவது யார்? கடிபட்ட குழந்தையின் பெற்றோரிடம் ஜீவகாருண்யம் பேச முடியாது. எனவே, சந்துகள் இடிபடுவதற்கு முன்பே கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தாக வேண்டும். விரும்பும் குடும்பங்களின் பெயரில் நாய்கள் பதிவாக வேண்டும்.

தாராவிக்கு ஜி வடக்கு, மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு என வார்டு அலுவலகங்கள் இருக்கின்றன. தத்தெடுப்பு விண்ணப்பத்தை அங்கேயே மராத்தி, இந்தியுடன் தமிழிலும் கொடுத்து, முதல் ஆண்டுத் தடுப்பூசியை இலவசமாகப் போடுவது மாநகராட்சிக்குப் பெரிய செலவல்ல.